குடுவையைச் சுற்றிய சரிகை

"சார், இருக்கறது ரெண்டு கை. காதைப் பொத்திக்கறதா, வயித்தைப் பொத்திக்கறதா?" என்று எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து கேட்டான் சின்னப்பையன்.

பெயர்தான் சின்னப்பையன். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. உடம்பு பீப்பாய்க்கு இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. துப்பறியும் வேணுகோபாலிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாள் முதல் ஆபத்து என்றால் முதலில் ஒளிபவன் அவன்தான், சாப்பாடு என்றால் முதலில் வெளியே வருபவனும் அவன்தான். இந்த இரண்டு விஷயத்திலும் அவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

வேணுகோபால் ஒளியவில்லை. பட்டறைக்காரன் பஞ்சாட்சரம் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்போது தான் மட்டும் குனிந்து உட்காருவது நன்றாயிராது என்று நின்றுகொண்டிருந்தார்.

மேசையில் பூட்டிய வைஸின் இரும்புப் பிடிக்குள் நின்றது ஒரு பித்தளைக் குடுவை. முழங்கை நீளம் இருக்கும். இதனுடன் ஒரே குழாயில் அறுத்துச் செய்த இன்னொரு குடுவைதான் பங்குனித் திருவிழாவில் பலூன் சுடும் கடையில் வெடித்தது. கடைக்காரன் ஆதிகேசவன் அந்த இடத்திலேயே இறந்துபோனான்.

மற்ற பலூன் கடைகளில் ஏர்கன்னை ஒவ்வொரு தடவையும் மடக்கி இழுக்க வேண்டும். தோளில் பலமில்லாதவன் இரண்டு குண்டோடு போதும் என்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவான். ஆதிகேசவனின் துப்பாக்கி வேறு ரகம். குழலுக்கு அடியில் ஒரு குடுவை, அதில் பம்பு வைத்து முன்கூட்டியே காற்றை அடைத்துவிடுவான். அப்புறம் விசையைத் தட்டினால் போதும், குடுவை காலியாகும் வரை சுட்டுக்கொண்டே இருக்கலாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சாமி பார்க்க வந்த பெண்கள்கூட வரிசையில் நின்று சுட்டார்கள். அதைச் செய்துகொடுத்தவன் பஞ்சாட்சரம். பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறி வேண்டாம் என்று லேத்துப் பட்டறைக்கு வந்தவன். அதற்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணமும் கூடவில்லை. இந்த ஊரில் அவன் என்று ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்து வந்து பார்த்தவன் மாகறல் கிராமத்திலிருந்து வந்து குடியேறிய ஆதிகேசவன் ஒருவன்தான். இப்போது அவனும் இல்லை.

குடுவையைச் சோதித்துப் பார்க்காமல் அஜாக்கிரதையாகச் செய்துகொடுத்தான் என்று சப்-இன்ஸ்பெக்டர் சபாபதி பஞ்சாட்சரத்தின் மேல் வழக்கு எழுதத் தயாராக இருந்தார். வேறு யாராவது காரணம் என்றால் இன்று பொழுது சாய்வதற்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் இவனைத்தான் உள்ளே வைக்கப் போகிறேன் என்று வேணுகோபாலிடம் சொல்லியிருந்தார். வேணுகோபாலை மெட்ராஸிலிருந்து வரவழைத்தவள் ஆதிகேசவனின் மனைவி காந்தா. கோயில் வாசலில் பூ விற்பவள். லாட்ஜுக்கு வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரால் இது நடந்தது என்று தெரிய வேண்டும், தெரிந்தால்தான் தூங்க முடியும் என்று மட்டும் சொன்னாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பட்டறைக்கு வாருங்கள், பதில் சொல்கிறேன் என்று வேணுகோபாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு கையில் ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சோதனையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் பஞ்சாட்சரம் மறுக்கவில்லை. ஒரு சரிகை இழையை எடுத்துக் குடுவையின் வயிற்றைச் சுற்றினான். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, டப்பாவிலிருந்து துளி சாம்பலைத் தொட்டுக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு முறுக்கு முறுக்கினான். இழை ஒன்றாகிவிட்டது. முடிச்சு போடவில்லை. பிறகு குடுவையில் விளிம்பு வரை தண்ணீரை ஊற்றி மூடி, கைப்பம்பை மாட்டினான்.

காற்று அடைக்கும் குடுவைக்கு எதற்குத் தண்ணீர் என்று சின்னப்பையன் பீப்பாய்க்குப் பின்னாலிருந்தே விசாரித்தான்.

"தண்ணிக்கு வீம்பு கெடையாதுபா," என்றான் பஞ்சாட்சரம். "குடுவை பிளந்தா கீழ ஊத்திட்டு சும்மா இருந்துடும். காத்து அப்பிடி இல்ல. அமுக்கி வெச்ச காத்து வெளிய வர வழி பாத்துக்கினே இருக்குது. வழி கெடைச்சா ஆளைத் தூக்கிடும். அதனாலதான் டெஸ்ட்டு தண்ணியில."

பம்பின் கைப்பிடியை அழுத்த அழுத்த மீட்டரின் முள் ஏறியது. கடையில் காற்று அடைக்கும் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான். முள் அதைத் தாண்டி, அதே அளவு இன்னொரு மடங்கும் ஏறியது. அப்போது சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. குடுவையைச் சுற்றியிருந்த சரிகையின் முறுக்கு பிரிந்து, இழை மேசையில் விழுந்தது. பஞ்சாட்சரம் நிறுத்தாமல் இன்னும் அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் 'டப்' என்று ஒரு சத்தம். குடுவை வயிற்றில் விரிந்தது, தண்ணீர் வேணுகோபாலின் செருப்பை நனைத்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா நான் எங்க வூட்டுக்காரியை நெனைச்சிக் கண்ணுல தண்ணி வுட்டேன்?" என்று சின்னப்பையன் எழுந்து வந்தான்.

வேணுகோபாலுக்கு இரண்டு விஷயம் புரிந்தது. குடுவை நல்ல குடுவை, லேசில் வெடிக்காது. அப்படியே கெட்டுப்போனாலும் முதலில் வீங்கும், வீங்கினால் இழை விழுந்து எச்சரிக்கை செய்யும். இழை விழுந்த குடுவையில் காற்று அடிக்கக் கூடாது. இவ்வளவு பக்குவமாகச் செய்தவனை அஜாக்கிரதை என்று எப்படிச் சொல்வது?

சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். வெடித்த துண்டுகளோடு போலீஸ் பொறுக்கிய இழை அதில் இருந்தது. சபாபதியிடம் கெஞ்சி வாங்கி வந்தது. அதே சரிகைதான். வெடித்ததில் ஒரு இடத்தில் அறுந்திருந்தது, ஆனால் நுனிகள் சேரும் இடம் அப்படியே இருந்தது. அங்கே முறுக்கு இல்லை. நுனிக்கும் நுனிக்கும் நடுவே ஒரு சிறு பருத்தி நூல் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் சுருக்குப் போட்டு இறுக்கியிருந்தது.

இதை யார் கட்டியது என்று கேட்டார்.

பஞ்சாட்சரம் அதை ஒரு கணம்தான் பார்த்தான். உடனே குனிந்து தரையில் கிடந்த தண்ணீரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"நான்தான் சார் கட்டினேன்," என்றான்.

வெளியே வெயில் கொளுத்தியது. தெருவைத் தாண்டியதும், அவன் சொன்னது பொய் என்று சின்னப்பையனிடம் சொன்னார் வேணுகோபால். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். தன்னை மாட்டிவிடப் பொய் சொன்ன ஒருத்தனை இப்போதுதான் பார்த்தார்.

"பொய்யின்னு எப்பிடி சார் சொல்றீங்க?"

"கண்ணு முன்னாடி முறுக்கினவன், அங்க மட்டும் எதுக்குச் சுருக்குப் போடறான்?"

"அவசரமா இருந்திருக்கும்."

"அவசரத்துலதான்பா கை பழக்கத்தைக் காட்டும்."

அடுத்த தெருவில் கதவு திறந்திருந்த ஒரு வீட்டில் தறியில் அடுத்த புடவைக்கான பாவு நூலைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். புருஷனும் மனைவியுமாக உட்கார்ந்து, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சாம்பல் தொட்டு முறுக்கி முறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முடிச்சு போட்டால் என்ன என்று வேணுகோபால் விசாரித்தார். முடிச்சு போட்டால் தறியில் மாட்டி இழை போய்விடும், எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூட முடிச்சு போட வராது என்று அந்தப் பெண் சிரித்தாள். உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடத்தில் அவர் இப்போதெல்லாம் நிற்பதில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு திருவல்லிக்கேணி அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தது ஒரு மேசை விளக்கு மட்டும்தான்.

சின்னப்பையனுக்குப் பக்கத்துக் கடைக்காரன் ராஜகோபால் மேல்தான் கண். பழைய மாதிரி மடக்கு துப்பாக்கி வைத்துக்கொண்டு, திருவிழா முழுவதும் ஈ ஓட்டியவன். அவன்தான் பொறாமையில் ஏதோ செய்திருக்கிறான் என்று அடித்துப் பேசினான்.

வேணுகோபால் தலையசைத்தார். ராஜகோபால் கையில் துப்பாக்கி கிடைக்க வழியில்லை. கடை மூடியதும் ஆதிகேசவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். மறுநாள் கடை திறக்கும்போதுதான் கொண்டு வருவான். "அதோட, கெடுக்கறவன் இவ்வளவு அழகா ஒட்டுப் போட்டுக் கட்டுவானா? பாரு, நுனியை ஒதுக்கிக் கடிச்சு விட்டிருக்கு. ஆசையா கட்டின மாதிரி இருக்குது."

"அப்போ விழுந்து கெடந்த நூலைப் பாத்து, ஐயோ பாவம்னு எடுத்துக் கட்டியிருக்காங்களா?" என்று சின்னப்பையன் சிரித்தான்.

சொன்னது தமாஷுக்குத்தான். வேணுகோபாலின் கால் நின்றுவிட்டது.

அவர் கவரைத் திரும்ப எடுத்து, பருத்தி நூலை வெளிச்சத்தில் பிடித்தார். எதற்காக அந்த ஒட்டு? சரிகையின் நுனிகள் எட்டவில்லை. எட்டாததற்குக் காரணம் குடுவை அதற்குள் வீங்கிவிட்டது. இழை தன் வேலையைச் சரியாகச் செய்து விழுந்திருக்கிறது. விழுந்ததை யாரோ எடுத்து, நீளம் போதாமல், கைக்குக் கிடைத்த நூலைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கு என்றால் மறுபடி வீங்கும்போது மறுபடி பிரியும். சுருக்கு பிரியாது. அந்த நூலில் அங்கங்கே பச்சைக் கறை இருந்தது.

ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் ஒரு பூக்காரி கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். வேணுகோபால் ஒரு முழம் வாங்கினார். வாங்கி யாருக்குக் கொடுப்பது என்று சின்னப்பையன் கேட்க வந்து, அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அவர் ஓரமாகப் போய் நின்று பூவை ஒவ்வொன்றாக உதிர்த்தார். உள்ளே இருந்த நூலில் மரிக்கொழுந்தின் பச்சைக் கறை. காம்புகளைப் பிடித்திருந்ததும் அதே சுருக்கு. இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் வைத்தார். பார்க்காமலே தெரிந்தது, இருந்தாலும் பார்த்தார்.

இந்த ஊரில் பூக்காரிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் துப்பாக்கி கடை மூடியதிலிருந்து திறக்கும் வரை இருந்த வீட்டில் பூக் கட்டுபவள் ஒருத்திதான் இருந்தாள்.

"சார்," என்றான் சின்னப்பையன் மெதுவாக. "அந்தம்மாதானே நம்மளை வேலைக்கு வெச்சது?"

வேணுகோபாலுக்குத் தன் தொழில் மேலேயே வெறுப்பு வந்தது. யாருக்கும் சொல்ல முடியாத ஒரு விடையைக் கையில் வைத்துக்கொண்டு, திருவிழா முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்த தெருவில் நடந்தார்.

பட்டறையில் பஞ்சாட்சரம் மாற்றுச் சட்டை ஒன்றையும் ஒரு துண்டையும் காகிதத்தில் சுற்றி மேசை மேல் வைத்திருந்தான். ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்தான். வேணுகோபால் கதம்பம் உதிர்ந்த நூலையும் கவரிலிருந்த இழையையும் அவன் முன்னால் வைத்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் இரண்டு நூலையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசினான்.

"கொடியேத்தத்தன்னைக்கு அவன் வூட்ல வெச்சுதான் சார் இழை சுத்தினேன். அங்க சாம்பலுக்கு எங்க போறது? சாமி படத்தாண்ட திருநீறு இருந்துச்சு. அதைத் தொட்டு முறுக்கினேன். அந்தத் தங்கச்சி பாத்துக்கினு இருந்துச்சு. திருவிழாவுக்குக் காப்பு கட்டறேன்னு நெனைச்சிக்கினு கன்னத்துல போட்டுக்கிச்சு. நானும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். நெனைச்சா நெனைச்சிக்கினு போவட்டும், சாமி நூல்னா தொடாம இருக்கும்னு அவன் சொன்னான். நானும் சரின்னுட்டேன்."

மீதியை வேணுகோபால் தானே கோத்துக்கொண்டார். வெயிலில் வைத்த குடுவை, கூட்டத்தைப் பார்த்து ஆதிகேசவன் அளவைத் தாண்டி மேலே மேலே அடைத்த காற்று, வயிறு வீங்கிய பித்தளை, பிரிந்து, ராத்திரி வீட்டில் இறக்கி வைத்தபோது விழுந்த இழை. அதுவரை யாருக்கும் ஆபத்தில்லை. காலையில் ஆதிகேசவன் பார்த்திருந்தால் துப்பாக்கியை நேரே பட்டறைக்கு எடுத்து வந்திருப்பான். ஆனால் அவனுக்கு முன்னால் காந்தா பார்த்தாள். கட்டிய காப்பு திருவிழா முடிவதற்குள் அறுந்து கிடந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு பதறாது? புருஷனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் எடுத்துக் கட்டினாள். அவன் வந்து பார்த்தபோது இழை இடத்தில் இருந்தது. நம்பிப் பம்பை மாட்டினான்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். தெரியவே வேணாம். நான் உள்ள போனா எனக்கு ஒண்ணும் கொறைஞ்சிடாது. இங்கயும் தனியாத்தான் கெடக்கறேன். அதுக்கு மிச்சம் இருக்கற நாளெல்லாம் இருக்குது. தன் கையாலன்னு தெரிஞ்சா எப்பிடி சார் அது உசிரோட இருக்கும்?"

வேணுகோபால் யோசித்துப் பார்த்தார். சபாபதியிடம் ரகசியமாகச் சொல்லலாமா? சொன்னால் அவர் எழுதுவார், எழுதினால் காந்தாவைக் கூப்பிட்டு விசாரிப்பார். இவனை விடுவிக்க வேண்டுமென்றால் அவளை உடைக்க வேண்டும். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரு குற்றமும் செய்யாதவனை அனுப்ப வேண்டும். அவருக்கு நடுவில் ஒரு வழி தெரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. காந்தா நின்றிருந்தாள். இன்று கூடை இல்லை. வெறும் கையோடு நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை போல, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சொல்றேன்னீங்களே சார். யாரு?"

வேணுகோபால் வாயைத் திறப்பதற்குள் பஞ்சாட்சரம் முந்திக்கொண்டான்.

"நான்தாம்மா. குடுவையை டெஸ்ட்டு பண்ணாமலே குடுத்துட்டேன். எல்லாம் என் தப்பு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மேசை மேல் பிளந்து கிடந்த குடுவையையும், பக்கத்தில் விழுந்து கிடந்த சரிகையையும், காகிதத்தில் சுற்றிய சட்டையையும் பார்த்தாள். பிறகு அந்தப் பச்சைக் கறை படிந்த நூலைப் பார்த்தாள்.

"அண்ணன் பொய் சொல்றாரு சார்," என்றாள். குரலில் அழுகை இல்லை. "காலைல பெருக்கறப்போ அது தரையில கெடந்துச்சு. பாத்தா அவரு மனசு கெட்டுடுமேன்னு எடுத்துக் கட்டினேன். எட்டலை. என் நூலைச் சேத்துக் கட்டினேன்."

பஞ்சாட்சரம் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்கு போலீஸ்காரரு அந்த நூலைத் தூக்கிக் காட்டி, இது எதுக்குன்னு கேட்டாரு. அண்ணன் என்னைத் திரும்பிப் பாத்தாரு. அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் என் மொகத்தைப் பாக்கலை. அப்பவே எனக்குச் சந்தேகம் தட்டிடுச்சு."

தெரிந்திருந்தும் எதற்காகத் தன்னைத் தேடி வந்தாள் என்று வேணுகோபாலுக்குப் புரியவில்லை. "பின்ன ஏம்மா என்கிட்ட வந்தீங்க?"

"வேற யாருனா இருக்கட்டும்னுதான் சார் வந்தேன்."

சட்டம் உங்களை ஒன்றும் செய்யாது, தெரியாமல் நடந்தது என்று வேணுகோபால் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அது சரி சார் என்றாள் அவள். அவள் கேட்டது அதை இல்லை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவள் கவரைக் கேட்டு வாங்கினாள். இழையை உள்ளே போட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஸ்டேஷனுக்கு நானே போயி சொல்லிடறேன். அண்ணா, தனியா போவ முடியாது போலக்குது. கூட வரீங்களா?"

பஞ்சாட்சரம் அவளை நிமிர்ந்து பார்த்தான். காகிதப் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். இருவரும் இறங்கி, பந்தல் கழிகள் கிடந்த தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

சின்னப்பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "நாமளும் கூடப் போவணுமா சார்?"

வேணுகோபால் அவர்கள் தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்மளை யாரும் கூப்பிடலையேப்பா."